மலர்க்கொடிக்குச் சேர்த்த சீர்

"அம்மா, பெரிய வீட்டை விட்டுட்டுச் சின்ன வீட்டுக்குப் போறேன். எதை எடுக்கறது, எதை விடறதுன்னு ஒண்ணும் ஓடல. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

சௌந்தரம் கேட்டாள். எழுபதை நெருங்குகிற மனுஷி. மலையடிவாரத்து மடத்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே, வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே மௌனத்தம்மா முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுத் துறவி. எந்தக் காலத்திலோ கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாராம், பேர் ஒட்டிக்கொண்டது. பேச மாட்டார் என்று நம்பி வருகிறவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

"புது வீடு எம்புட்டு?"

"ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி. கட்டிலைப் போட்டா கதவு பாதிதான் தெறக்கும்."

"அப்ப கட்டிலை விடு."

"விட்டாச்சும்மா."

"பீரோ?"

"கொழுந்தன் மகனுக்குக் குடுத்தாச்சு."

"ஆட்டுரல், அம்மி?"

"பக்கத்து வீட்டுக்காரி உருட்டிட்டுப் போயிட்டா."

"கல்யாணப் பட்டு?"

"அதையுந்தான் குடுத்தேன். அது இருந்தா என்ன, போனா என்ன."

"அடேயப்பா! என்னையவிட நீதான் பெரிய சாமியாரா இருக்கே. அப்பறம் என்னத்துக்குத்தா இந்த வெயில்ல இம்புட்டுத் தூரம் வந்தே?"

சௌந்தரம் முந்தானையை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"பரண் மேல கொஞ்சம் பாத்திரம் இருக்கும்மா."

"யாரு பாத்திரம்?"

"எம் மக மலர்க்கொடிக்குச் சேத்த சீரு."

"மக எங்க இருக்கா?"

"இல்லம்மா. ஒம்பது வயசுல காய்ச்சல்னு படுத்தா. எந்திரிக்கவே இல்ல."

முறத்தில் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஓடியது.

எங்கள் பக்கத்தில் பெண் பிறந்த அன்றே பாத்திரம் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வருஷம் ஒரு குடம், அடுத்த வருஷம் ஒரு தவலை. வாங்கிய கையோடு கடைவாசலில் இருக்கிற ஆளிடம் கொடுத்து, விளிம்பில் சின்ன உளியால் பெண்ணின் பேரும் தேதியும் வெட்டி வாங்குவார்கள். வெட்டிவிட்டால் அது அவளுக்குத்தான். பெற்றவள்கூட அதில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

"யாருக்காச்சும் குடுத்திர வேண்டியதுதானே?"

"நாத்தனா பேத்தி கல்யாணத்துக்குக் குடுத்து விட்டேன். அதே ஆட்டோவுல திருப்பி அனுப்பிட்டாங்க. செத்த புள்ளைக்குச் சேத்த சீரை எங்க தலையில கட்டறியே, எங்க புள்ள வாழ வேணாமான்னு கேட்டுட்டாங்கம்மா."

"பழைய பாத்திரக் கடையில போடு."

"கேட்டுப் பாத்தேன். வாங்குன ஒடனே சம்மட்டியால நசுக்கித்தான் தராசுல வைப்பானாம். நான் அதை எப்படிம்மா நின்னு பாப்பேன்?"

"அப்ப புது வீட்டுக்கே கொண்டு போ."

"அதுகளை உள்ள வச்சா நாங்க ரெண்டு பேரும் தெருவுல படுக்கணும்."

"அப்ப என்னதாந்தா செய்யச் சொல்றே என்னைய?"

"கொழுந்தன்மாரு பாகம் கேட்டு வீடு வித்துப் போச்சு. ஞாயித்துக்கெழம சாவியக் குடுத்தாகணும். மடத்துல ஒரு மூலையில போட்டு வச்சுக்கறீங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தாராளமா வச்சுக்கறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்த வர்றவங்களுக்கு இங்கதான் சோறாக்கறோம். அண்டா பத்தாம அல்லாடறோம். கொண்டா."

"ஐயய்யோ, அடுப்புல ஏத்தக் கூடாதும்மா! சோறு படாத பாத்திரம். வருசா வருசம் தை மாசம் எறக்கி, புளி போட்டு வெளக்கி, துணியில சுத்தி மறுபடி ஏத்தி வச்சிருவேன்."

"அதுக்கு எதுக்குடி மடம்? இன்னொரு பரணாப் பாத்துத் தேடு. எந்திரி, எந்திரி. எனக்கு வேலை கெடக்கு."

சௌந்தரம் எழுந்திருக்கவில்லை. அழுதாள். மறைத்து மறைத்து அழுகிற அழுகை இல்லை. வாய்விட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் புருஷன் சிங்காரம் நின்றுகொண்டிருந்தார். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த அழுகையை முப்பது வருஷமாகக் கேட்கிறவர். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மௌனத்தம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"வா. அப்படி என்னதான் பாத்திரம்னு பாப்போம்."



மடத்துக்கு வந்ததிலிருந்து மௌனத்தம்மா எந்த வீட்டுப் படியும் ஏறினதில்லை. அன்றைக்கு ஏறினார். தெருவே எட்டிப் பார்த்தது.

வீடு காலியாகக் கிடந்தது. இருமினால் நாலு சுவரும் திருப்பி இருமியது.

"ஏணியில ஏறி எறக்குங்கய்யா" என்றார் சிங்காரத்திடம்.

"நான் தொட மாட்டேம்மா. இன்னைக்கு வரைக்கும் தொட்டதில்ல. அந்தப் பேரைக் கண்ணால பாத்தா எனக்குத் தாங்காது."

"இன்னைக்குத் தொடுங்க. பொம்பளையையா ஏத்தச் சொல்றீங்க, இந்த வயசுல?"

சிங்காரம் ஏறினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே ஒவ்வொன்றாக இறக்கினார். சௌந்தரம் வாங்கி வாங்கிக் கீழே வைத்தாள். மௌனத்தம்மா துணியைப் பிரித்து, விளிம்பைத் திருப்பி, சத்தமாக வாசித்தார்.

"சி. மலர்க்கொடி. எம்பத்தஞ்சு."

"அவ பொறந்தப்ப எங்கம்மா எடுத்த குடம்."

"எம்பத்தெட்டு."

"காதுகுத்துக்கு என் அண்ணன் செஞ்ச தவலை."

"தொண்ணூத்தி மூணு."

"மூணாப்புப் போறப்ப வாங்குன சம்படம். முறுக்குப் போட்டு வைக்க. அவளுக்கு முறுக்குன்னா உசுரு."

அடுத்தது ஒரு பெரிய தாம்பாளம். மௌனத்தம்மா வாசிக்க வாயெடுத்தவர் நிறுத்தினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"புள்ள போனது எந்த வருசம்?"

ஏணி மேலிருந்து சிங்காரம்தான் சொன்னார்.

"தொண்ணூத்தி நாலு. ஆடி மாசம்."

"இதுல தொண்ணூத்தி ஏழுன்னு போட்டிருக்கு."

மௌனத்தம்மா தாம்பாளத்தைச் சௌந்தரத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சொல்லுத்தா. இது எதுக்கு வாங்குனது?"

"அந்த வருசந்தாம்மா..." சௌந்தரம் தரையைப் பார்த்துப் பேசினாள். "அந்த வருசந்தான் அவ வயசுக்கு வந்தா."

சிங்காரம் ஏணியில் அண்டாவைக் கட்டிப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

மௌனத்தம்மா அடுத்ததை எடுத்தார். "ரெண்டாயிரத்தி ரெண்டு."

"டிபன் கேரியர். காலேஜுல சேந்தா."

"எந்தக் காலேஜு?"

"இங்கன உள்ளூருலதான். பொட்டப் புள்ளைய ஹாஸ்டல்ல விட எனக்கு மனசு வரல. தெனம் பஸ்ஸுதான்."

சிங்காரம் இறங்கி வந்தார். அண்டாவைத் தரையில் வைத்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன படிச்சா?"

"பி.எஸ்ஸி. கணக்கு."

"அவளுக்குக் கணக்கு வராதே."

"பெருசானப்பறம் வந்துருச்சுங்க."

சிங்காரம் சுவரில் சாய்ந்தார். அப்புறம் அவருக்கு வந்ததே கோபம்! அந்தத் தெருவில் யாரும் அந்த மனுஷன் சத்தம் போட்டுக் கேட்டதில்லை.

"அப்ப எனக்கு மட்டுந்தான் செத்துப் போனாளா? ஒனக்கு வளந்துக்கிட்டு இருந்தாளா? ஒரே வீட்டுல, ஒரே தட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு, முப்பது வருசமா நான் மட்டும் ஒத்தையில அந்தப் புள்ளையப் பொதைச்சுக்கிட்டே இருந்திருக்கேன்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சௌந்தரம்? நானும் பாத்திருப்பேன்ல?"

"சொன்னா, அவ இல்லன்னு சொல்லிருவீங்க."

அவர் மறுபடி ஏணியில் ஏறினார்.

கடைசியாக வந்தது குத்துவிளக்கு. இடுப்பு உயரம். ரெண்டாயிரத்தி எட்டு.

"இதுக்கப்பறம் ஒண்ணும் இல்லையே?"

"வெளக்குதாம்மா கடைசி. இதோட சீரு நெறைஞ்சு போச்சு."

சௌந்தரம் விளக்கைக் கட்டிக்கொண்டாள்.

"நான் பைத்தியக்காரி இல்லம்மா. அவ செத்துட்டான்னு எனக்குத் தெரியும். நாந்தான குளிப்பாட்டி விட்டேன்? ஆனா இதையெல்லாம் தூக்கிக் குடுத்தேன்னா, அவ மறுபடி ஒம்பது வயசுலயே செத்துருவா. ஒரு தடவ பாத்துட்டேன். இன்னொரு தடவ என்னால ஆகாது."

மௌனத்தம்மா எழுந்தார். ஏதாவது சொல்வார் என்று இரண்டு பேரும் பார்த்தார்கள். அந்த அம்மா அன்றைக்குத்தான் பேருக்கேற்ற மாதிரி நடந்துகொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

பொழுது சாயும்வரை சிங்காரம் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாக மடியில் வைத்து, பேர் வெட்டின இடத்தைக் கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. சௌந்தரமும் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.



மறுநாள் காலையில் வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து மௌனத்தம்மா இறங்கினார். கையில் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், வாழைப்பழம், ஒரு பந்து மல்லிகைப்பூ.

"பொண்ணு கேட்டு வந்திருக்கேன்" என்றார்.

சௌந்தரம் ஒன்றும் விளங்காமல் நின்றாள்.

சிங்காரத்துக்குத்தான் முதலில் விளங்கியது. உள்ளே ஓடிப்போய்ச் சட்டையை மாட்டினார். மேல் பொத்தானையும் போட்டார். மிச்சமிருந்த ஒரே பாயைக் கொண்டுவந்து விரித்தார்.

"வாங்கம்மா. உக்காருங்க."

மௌனத்தம்மா உட்கார்ந்தார். நேற்று 'டி' போட்டுப் பேசின வாய், இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டு மரியாதையோடு கேட்டது.

"பொண்ணுக்கு என்ன வயசுங்க?"

சிங்காரம் சௌந்தரத்தைப் பார்த்தார். வயது அவருக்குத் தெரியாது.

"இருபத்தி மூணு" என்றாள் சௌந்தரம்.

"என்ன படிச்சிருக்கு?"

"பி.எஸ்ஸி. கணக்குங்க" என்றார் சிங்காரம்.

"சீரு?"

"ஒரு குறையும் வைக்கல" என்றாள் சௌந்தரம்.

"எல்லாம் நெறைஞ்சு போச்சுன்னுதான் நேத்துச் சொன்னீங்க. நெறைஞ்சப்பறமும் பொண்ணை ஏன் வீட்டுலயே வச்சிருக்கீங்க?"

சௌந்தரம் வாசல்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியலம்மா. நானும் பாத்தேன். மாப்பிள்ளை முகத்தை எப்படி எப்படியோ கொண்டாந்து பாத்தேன், வரல. இருபத்தி மூணுக்கு மேல அவளை வளக்க எனக்குத் தெரியல. பதினஞ்சு வருசமா அப்படியே நிக்கிறா. தலை பின்னச் சொல்லிக்கூடக் கேக்க மாட்டேங்கறா. நான் கண்ணை மூடிட்டா அவளை யாரும்மா பாப்பா?"

"தட்டை வாங்குங்க."

"உங்க வீட்டுல அவளுக்கு என்ன வேலை?"

"சோறாக்குவா."

"கரி புடிக்குமே."

"புடிக்கும்."

"நசுங்குமே."

"நசுங்கும். வாக்கப்பட்டுப் போன வீட்டுல எந்தப் பொண்ணு நசுங்காம இருந்தா? நீங்க நசுங்கலையா?"

"அந்தப் பேரு?"

"நானா அழிக்க மாட்டேன். தேய்க்கத் தேய்க்க அதுவாத் தேயும்."

"தேயும்" என்று சௌந்தரமும் சொன்னாள். "நான் வந்து பாக்கலாமாம்மா?"

"பௌர்ணமிக்கு வாங்க. பந்தியில உக்காந்து வயிறு நெறையச் சாப்பிடுங்க. ஆனா அடுக்களைக்குள்ள நொழைஞ்சு, எதையாச்சும் துணியில சுத்தி மூலையில வச்சீங்கன்னு வையுங்க, சம்பந்தியாச்சேன்னு பாக்க மாட்டேன். கையை ஒடிச்சிருவேன்."

சௌந்தரம் தட்டை வாங்கினாள்.

மனசு ஆறிப்போய் வாங்கினாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேறு வழியில்லாமல் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும், நாத்தனார் வீடு திருப்பி அனுப்பிவிட்டது, கடைக்காரன் சம்மட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறான். பெண்ணைக் கொடுக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படி வழியில்லாமல்தான் தட்டை வாங்குகிறார்கள்.

மஞ்சளைக் குழைத்தாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். மல்லிகையைக் கிள்ளி விளக்கின் கழுத்தில் சுற்றினாள். சிங்காரம் விளக்கை முதலில் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். அப்புறம் குடம். அப்புறம் தவலை. தாம்பாளத்தை மட்டும் அவர் தலைமேல் வைத்துச் சுமந்தார். வயதுக்கு வந்த மகளுக்குத் தகப்பன் செய்ய வேண்டியது எதுவும் செய்யாதவர். இப்போது அவ்வளவுதான் முடிந்தது.

எதிர்வீட்டுப் பெண்கள் திகைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

எல்லாம் ஏறியது. முறுக்குச் சம்படம் மட்டும் சௌந்தரத்தின் இடுப்பில் இருந்தது.

மௌனத்தம்மா அதைப் பார்த்தார்.

"இது அவ நெசமாவே தொட்டதும்மா" என்றாள் சௌந்தரம். "மத்ததுலல்லாம் அவ கை பட்டதில்ல. இதுலதான் கையை விட்டு எடுத்துத் தின்னா. இதை மட்டும்..."

"வச்சுக்கங்க. சின்ன வீட்டுல அதுக்கு எடம் இருக்கும்."

சௌந்தரம் திரும்பி வீட்டுக்குள் போனாள். பாதி தூரம்தான் போனாள். நின்றாள். திரும்பி வந்தாள். சம்படத்தை வண்டியில், குடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு சாமான் குறைஞ்சாலும் போன எடத்துல பேச்சு வரும்" என்றாள்.

டிரைவர் பின்கதவை மாட்டினான். மௌனத்தம்மா ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமியது.

"போயிட்டு வான்னு சொல்லு சௌந்தரம்" என்றார் சிங்காரம். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "பொண்ணை அனுப்பறப்ப அப்படித்தான் சொல்லணும். சொல்லு."

சௌந்தரம் வண்டிக்குப் பக்கத்தில் போனாள். அண்டாவின் விளிம்பில் கையை வைத்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

கையை எடுத்தாள்.

"போ" என்றாள்.